வானமா, கடலடியா, ரவரா? யாழ்ப்பாணத்து வீட்டுக்கு எந்த வழி

ரொறன்ரோவில் இருக்கும் மகளோடு வட்ஸ்அப்பில் கதைக்கிறீர்கள். அந்தக் குரல் எந்த வழியாகப் போகிறது என்று யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் விரல் மேலே போகும். “சற்றலைட்டாலதானே!” பெரும்பாலும் அப்படி இல்லை. அந்தக் குரல் வீட்டு ரவுட்டரில் இருந்து வீதியோரக் கம்பிக்குப் போய், ஆனையிறவைக் கடந்து, தெற்கே போய்க் கடலுக்குள் இறங்கி, கண்ணாடி இழைக்குள் (ஃபைபர்) ஒளியாக ஓடிக் கண்டம் தாண்டுகிறது. கண்டம் விட்டுக் கண்டம் போகும் தரவில் 95 சதவீதத்துக்கும் மேல் கடலடிக் கம்பிகளில்தான் போகிறது. வானம் சுமப்பது மிச்சத்தைத்தான்.

அந்த மிச்சம் எது, அது யாருக்குத் தேவை என்பதுதான் இப்போது இங்கே பேச்சு. 2025 ஜூலையில், செயற்கைக்கோள் வழியாக வீட்டுக்கு இணையம் தரும் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்த பிறகு, வெளிநாட்டில் இருக்கும் தம்பியோ மருமகனோ “அந்தப் பழைய லைனை வெட்டிப்போட்டு இதை எடுங்கோ” என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எடுக்கலாமா? வேகத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதற்கு விடை வராது. ஒவ்வொரு வழியும் எதில் சாய்ந்து நிற்கிறது, எப்போது விழும், விழும்போது கூட எதை இழுத்துக்கொண்டு விழும் என்றுதான் பார்க்கவேண்டும். கரண்ட் இல்லாமலும் பாதை இல்லாமலும் வருடக்கணக்கில் இருந்த ஊருக்கு இந்த அளவுகோல் புதிதில்லை.

உயரத்தில் நிற்கும் கோள்

பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை விட்டால், அது பூமியைச் சுற்றும் நேரமும் பூமி தன்னைத்தானே சுற்றும் நேரமும் ஒன்றாகிவிடும்: 23 மணி 56 நிமிடம். கீழே இருந்து பார்த்தால் ஆணி அடித்தது போல ஒரே இடத்தில் நிற்கும். இப்படி மூன்று கோள்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945 அக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956 இல் இலங்கைக்குக் குடிவந்து, 2008 இல் கொழும்பில் இறந்தவர். திருகோணமலைக் கடலடியில் கோணேசர் கோயில் இடிபாடுகளைக் கண்டவர்களில் அவரும் ஒருவர் என்பது நம்மவர்கள் பலருக்குக் கூடுதலாக ஞாபகம் இருக்கும். அவர் எழுதி 20 வருடம் முடிவதற்குள், 1965 ஏப்ரலில், இன்ரெல்சற் நிறுவனத்தின் ‘ஏர்லி பேர்ட்’ என்ற கோள் மேலே போனது. ஒரே நேரத்தில் 240 தொலைபேசி அழைப்புகளைத் தாங்கும். அட்லாண்டிக்குக்குக் குறுக்கே அன்று அது பெரிய விசயம்.

யாழ்ப்பாணத்துக்கு இந்த வகைக் கோளில் ஒரு தனி வசதி உண்டு. நாம் வடக்கு அகலாங்கு 9.7 பாகையில், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். தென்னாசியாவுக்கு ஒளிபரப்பும் கோள்கள் பலவும் நம் தலைக்கு மேலே, 70 பாகைக்குக் குறையாத உயரத்தில் நிற்கின்றன. கூரையில் இருக்கும் டிஷ் சாய்ந்து நிற்பது போலத் தெரியும். அலை வாங்கும் பெட்டியைத் தட்டின் நடுவில் வைக்காமல் கீழ்ப்பக்கம் தள்ளிப் பொருத்துவதால் வரும் தோற்றம் அது. உண்மையில் அது பார்ப்பது கிட்டத்தட்ட உச்சியை. லண்டன் வீட்டுச் சுவரில் இருக்கும் டிஷ் அடிவானத்துக்கு மேலே 25 பாகை அளவில்தான் நிமிர்ந்து பார்க்கும். எதிர்வீட்டு மாடி மறைத்தாலே போச்சு. இங்கே இரண்டு தென்னைக்கு நடுவே ஒரு துண்டு வானம் தெரிந்தால் போதும்.

இந்தக் கோள் நன்றாகச் செய்யும் வேலை ஒளிபரப்பு. கிரிக்கெட் மேட்ச் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் பார்த்தால் ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாகத் தரவு ஓடவேண்டும். ஊரே பார்க்கும்போது கம்பியும் போன் கோபுரமான ரவரும் திணறும். டிஷ்ஷில் பார்த்தால் கோள் ஒரு தடவைதான் சொல்கிறது. பத்து வீடு கேட்டாலும் பத்து லட்சம் வீடு கேட்டாலும் கோளுக்கு ஒரே செலவு. பாக்கு நீரிணையில் அலை நின்றுவிடுவதும் இல்லை. தமிழ்நாட்டை நோக்கிப் போடும் ஒளிக்கற்றை நெடுந்தீவையும் பருத்தித்துறையையும் சேர்த்தே நனைக்கிறது. டிஷ் வீட்டுக்காரர் “அவுட்!” என்று கத்தி அரை நிமிடம் கழித்துத்தான் போனில் பார்ப்பவருக்கு விக்கெட் விழும். வேகமான ஃபைபர், மெதுவான சற்றலைட் என்ற கணக்கு அங்கே தலைகீழாகிவிடுகிறது.

சரி, இரண்டு பக்கமும் கதைப்பதென்றால்? அங்கேதான் உயரம் உதைக்கிறது. மேலே போய்க் கீழே வர 72,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் போனாலும் கால் வினாடி. நீங்கள் கேட்ட கேள்வி போய்ப் பதில் திரும்பி வர அரை வினாடி. கருவிகள் எடுக்கும் நேரத்தையும் கூட்டினால் 0.6 வினாடி. வெளிநாட்டு அழைப்புகள் சற்றலைட்டில் வந்த காலத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் “ஹலோ” சொல்லி, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தி, காசு கரைந்தது இதனால்தான். எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும் இந்த அரை வினாடியைக் குறைக்க முடியாது, தூரம் அப்படி.

மாரி காலத்துத் தொல்லை எல்லோருக்கும் தெரியும். டிஷ்ஷுக்கு வரும் அலை 12 கிகாஹேர்ட்ஸ் அளவிலானது. பலத்த மழைத்துளிகள் அதைக் குடித்துவிடும். நமக்கு மழையின் பெரும்பங்கு ஒக்டோபரில் இருந்து டிசம்பருக்குள் கொட்டுவதால், ஒன்பது மாதம் ஒழுங்காக இருந்த படம் அந்த மூன்று மாதத்தில் கட்டம் கட்டமாக உடையும். மழை விட்டதும் தானாகத் திரும்பிவிடும், யாரையும் கூப்பிடத் தேவையில்லை. இன்னொன்று பலருக்குத் தெரியாது: மார்ச் நடுப்பகுதியிலும் செப்டெம்பர் கடைசியிலும் சில நாட்கள், வெயில் எறிக்கும் நேரத்தில் சில நிமிடம் படம் போகும். சூரியன் அப்போது கோளுக்கு நேர் பின்னால் வந்து நின்று, தன் இரைச்சலால் கோளின் மெல்லிய குரலை அமுக்கிவிடுகிறது. டிஷ்ஷைத் திருப்பிப் பார்க்கக் கூரைக்கு ஏறவேண்டாம்.

தாழ்வாக ஓடும் கோள்கள்

தூரம்தான் பிரச்சினை என்றால் கோளைக் கீழே இறக்கிவிட்டால்? இறக்கலாம், ஆனால் அது ஓரிடத்தில் நிற்காது. 550 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் கோள் வினாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஒன்றரை மணித்தியாலத்தில் உலகத்தைச் சுற்றிவிடும். உங்கள் வீட்டு வானத்தை அது கடக்கச் சில நிமிடங்கள்தான். ஆகவே ஒன்று போக இன்னொன்று வரவேண்டும். மூன்று கோளில் முடிந்த வேலைக்கு இங்கே பத்துக்கணக்கில், இணையம் என்றால் நூற்றுக்கணக்கில் ஆயிரக்கணக்கில் தேவை. 1998 இல் இரிடியம் என்ற கம்பனி 66 கோள்களோடு இதைத் தொலைபேசிக்குச் செய்தது. அடுத்த வருடமே கடனில் மூழ்கி நீதிமன்றத்துக்குப் போனது. கோள்கள் மட்டும் தப்பிப் பிழைத்து வேலை செய்தன. ஸ்டார்லிங்க் அதையே இணையத்துக்காக, பல ஆயிரம் கோள்களோடு செய்கிறது. வன்வெப் என்ற இன்னொரு வலை 1,200 கிலோமீட்டர் உயரத்தில் அறுநூறுக்கு மேற்பட்ட கோள்களோடு ஓடுகிறது. அது வீடுகளுக்கு நேரே விற்பதில்லை, கம்பனிகளுக்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கும்தான்.

தாமதம் பெருமளவு குறைந்துவிடுகிறது. வானத்துப் பயணம் சில மில்லிவினாடி. எல்லாம் சேர்த்து அருகில் உள்ள இணைய வாசல் வரைக்கும் 30, 60 மில்லிவினாடி என்று வரும். வீடியோ அழைப்பு, இணைய வகுப்பு, வெளிநாட்டுக் கம்பனிக்கு வீட்டில் இருந்து வேலை எல்லாம் தாராளமாகச் செய்யலாம். ஆனால் கடையில் சொல்லாத நாலு விசயம் உண்டு.

முதலாவது, மரம். உயரத்துக் கோளுக்குச் சாவித்துவாரம் போல ஒரு இடைவெளி போதும். ஓடும் கோள்களுக்கு அகன்ற வானம் முழுவதும் வேண்டும். தட்டு திரும்புவதில்லை, உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான சிறு அன்டெனாக்கள் சேர்ந்து மின்முறையில் பார்வையைத் திருப்பிக்கொள்ளும். எந்தப் பக்கம் மரம் மறைக்கிறதோ, அந்தப் பக்கம் கோள் போகும் நேரமெல்லாம் இணைப்பு அறும். தென்னை, மா, பலா, வேம்பு என்று நிழல் நிறைந்த யாழ்ப்பாணத்து வளவு இதற்கு மிகக் கெட்ட இடம். தட்டை முற்றத்தில் வைத்துவிட்டு நிமிடத்துக்கொரு தடவை அழைப்பு அறுகிறது என்று திட்டுவதில் பயனில்லை. தண்ணீர்த் தாங்கியின் உச்சி, அல்லது கூரைக்கு மேலே ஒரு குழாய்க் கம்பம் பார்க்கவேண்டும். வாங்க முன் அவர்களுடைய செயலியைத் திறந்து போன் கமெராவால் வானத்தை வளைத்துப் பார்த்தால், எங்கே மறைக்கிறது என்று அதுவே காட்டும். அதற்காகக் காய்க்கிற பலாவைத் தறிக்கவேண்டாம். ஃபைபர் கிடைக்கும் வீட்டில் அது மடைத்தனம்.

இரண்டாவது, கோள்கள் எல்லா வானத்திலும் ஒரே நெருக்கமாக இல்லை. ஸ்டார்லிங்க் கோள்களில் பெரும்பகுதி பூமத்திய ரேகைக்கு 53 பாகை சரிவில் ஓடுகிறது. அப்படி ஓடும் கோள்கள் 53 பாகை அகலாங்கை அண்டித்தான் கூட்டமாக இருக்கும், லண்டன்காரருக்குக் கொள்ளை. பத்துப் பாகைக்குக் கீழே இருக்கும் நமக்கு ஒரே நேரத்தில் தலைக்கு மேலே குறைவாகத்தான் இருக்கும். லண்டனில் இருக்கும் மருமகன் தன் அனுபவத்தை வைத்துச் சொல்வதை அப்படியே இங்கே எடுக்க முடியாது.

மூன்றாவது, இந்த வழியும் கடைசியில் கம்பிக்குத்தான் வருகிறது. உங்கள் தரவை வாங்கிய கோள் அதை எங்கோ ஒரு தரை நிலையத்தில் இறக்கவேண்டும். லேசரால் கோளுக்குக் கோள் கைமாற்றித் தூரமும் கொண்டுபோக முடியும், ஆனாலும் வழக்கமாக வசதியான முதல் நிலையத்தில் இறக்கிவிடுகிறது. அப்புறம் ரொறன்ரோவுக்குப் போவது அதே கடலடிக் கம்பியில். ஆகவே கனடாவுக்குக் கதைக்கும்போது ஸ்டார்லிங்க் ஃபைபரை வெல்லும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. உங்கள் வீட்டுக்கும் வெளியுலகுக்கும் இடையில் உள்ள முதல் துண்டு வழியைத்தான் அது மாற்றுகிறது.

நாலாவது, காசும் கையும். வந்த புதிதில் கருவிக்கே ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது, மாதக் கட்டணம் பத்தாயிரத்துக்கு மேல். 2024 ஜூலையில் தொலைத்தொடர்புச் சட்டம் திருத்தப்பட்டு, ஓகஸ்டில் ஸ்டார்லிங்குக்கு உரிமம் கொடுக்கப்பட்டது. உலகம் முழுவதற்கும் ஒரே கம்பனி, அந்தக் கம்பனியில் முடிவு ஒரே முதலாளி கையில். அரசாங்கம் நினைத்தால் உரிமத்தை நிறுத்தலாம்; முதலாளி நினைத்தால் கோளை நிறுத்தலாம். கோள்களின் ஆயுளும் ஐந்து வருடம் போலத்தான். உயரத்தில் நிற்கும் கோள்கள் பதினைந்து வருடம் நிற்கும். யாராவது தொடர்ந்து ரொக்கெட் ஏவிக்கொண்டே இருந்தால்தான் இந்த வலை இருக்கும்.

கடலடிக் கம்பி

சீ-மீ-வீ 5 என்ற கம்பி சிங்கப்பூரில் இருந்து பிரான்ஸ் வரைக்கும் சுமார் 20,000 கிலோமீட்டர் ஓடுகிறது. வழியில் மாத்தறையில் கரையேறுகிறது. வினாடிக்கு 24 டெராபிட் கொண்டுபோகும் வகையில் கட்டப்பட்டது. ஏர்லி பேர்ட் சுமந்த 240 அழைப்புக்குப் பக்கத்தில் வைத்தால் கோடிக்கணக்கான அழைப்புகள். தனி ஒரு செயற்கைக்கோள் இதற்குக் கிட்டே வராது. கண்ணாடிக்குள் ஒளி வினாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும், வெற்று வெளியை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அப்படியிருந்தும் கனடாவுக்குப் போய் வரக் கால் வினாடியைச் சுற்றித்தான் ஆகிறது. தாமதமே தெரியாமல் பேத்தியோடு சண்டை பிடிக்கலாம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இலங்கைக்கு வரும் பெரிய கடலடிக் கம்பிகள் கொழும்பு, கல்கிசை, மாத்தறை என்று மேற்கிலும் தெற்கிலும்தான் கரையேறுகின்றன. இந்தியாவோடு இணைக்க இட்ட பாரத்–லங்கா கம்பியும் தூத்துக்குடியில் இருந்து கல்கிசைக்குத்தான் போடப்பட்டது. பருத்தித்துறையில் இருந்து கோடிக்கரை கூப்பிடு தூரம். ஆனால் வேதாரணியத்தில் இருப்பவருக்கு நீங்கள் அனுப்பும் படம் முதலில் நானூறு கிலோமீட்டர் தெற்கே போய்த்தான் வடக்கே திரும்புகிறது. குடாநாட்டுக்குள் தரைவழியாக நுழைய முக்கிய வாசல்கள் இரண்டு: ஆனையிறவு, சங்குப்பிட்டி. கம்பி பெரும்பாலும் வீதியோடுதான் வரும். வீதி வேலைக்கு வந்த ஜேசிபி ஒரு கோருக் கோரினால் சில மணித்தியாலம் ஊரே “லைன் இல்லை”.

கடலிலும் அறும். 2004 ஓகஸ்டில் கொழும்புக்கு வெளியே ஒரு கப்பலின் நங்கூரம் கம்பியை இழுத்தபோது நாட்டின் வெளியுலக இணையம் கிட்டத்தட்ட நின்றது. அன்று சாய்ந்து நிற்க வேறு கம்பி போதவில்லை. 2024 இலும் 2025 இலும் செங்கடலில் கம்பிகள் அறுந்தபோது ஐரோப்பா பக்கம் மந்தமானதோடு சரி, ஏனென்றால் இப்போது சிங்கப்பூர்ப் பக்கம் சுற்றிப் போகவும் வழிகள் உண்டு. ஒரேயொரு கம்பியை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு தொங்கா தீவுகள்தான் பாடம். 2022 ஜனவரி 15 இல் கடலடி எரிமலை வெடித்து வெளிநாட்டுக் கம்பி துண்டானது. திருத்தும் கப்பல் வந்து முடிக்க ஐந்து வாரம். அதுவரைக்கும் அந்த நாடு செயற்கைக்கோளில்தான் மூச்சு விட்டது.

ரவர் தனி வழி இல்லை

வீட்டில் ஃபைபரும் கையில் 4ஜி போனும் இருந்தால் இரண்டு வழி இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அது பாதி உண்மை. போனில் இருந்து ரவர் வரைக்கும்தான் காற்று. ரவரில் இருந்து பின்னால் போவது ஃபைபர், அல்லது அடுத்த ரவருக்கு நுண்ணலை. அதுவும் கொஞ்சத் தூரத்தில் ஃபைபரில் சேர்ந்துவிடும். ஆனையிறவில் கம்பி அறுந்தால் வீட்டு லைனும் போனும் சேர்ந்தே படுக்கலாம். போனில் முழுக் கோடு சிக்னல் காட்டும், வட்ஸ்அப் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். அது உங்கள் போனின் பிழை இல்லை.

விலைக்கும் வசதிக்கும் ரவரை அடிக்க ஒன்றுமில்லை. சிம் ஒன்று போட்டு நூறு ரூபாய்க்கணக்கில் ரீலோட் பண்ணிக் கதைக்கக்கூடிய வழி இது ஒன்றுதான். கோயில் திருவிழாக் காலத்தில் நல்லூர் வீதியில் நின்று வீடியோ அனுப்ப முயன்றவர்களுக்கு இதன் எல்லையும் தெரியும்: ஒரு ரவரின் கொள்ளளவை அங்கே நிற்கும் எல்லோரும் பங்குபோடவேண்டும்.

கரண்ட் போனால்

என் கணக்கில் மற்ற எல்லா ஒப்பீட்டையும் விட இது முக்கியம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதாக அமைச்சர் சொன்னார், நாடு முழுவதும் இருண்டது. இப்படி நடக்கும்போது எது நிற்கும்?

ரவருக்குக் கீழே பற்றரி இருக்கும். சில மணித்தியாலம் தாங்கும். ஜெனரேற்றர் இல்லாத ரவர் அப்புறம் ஒன்றொன்றாக விழும். விழாத ரவரில் எல்லோரும் போய் மொய்ப்பார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது நாட்டின் பல பகுதிகளில் நடந்தது இதுதான். கம்பியும் கரண்டும் சேர்ந்து போக, போன்கள் வெறும் ரோச் லைற் ஆகின.

ஸ்டார்லிங்குக்கு வானத்தில் கரண்ட் பிரச்சினை இல்லை. அங்கே சூரியன் இருக்கிறது. பிரச்சினை உங்கள் கூரையில். வழக்கமான தட்டு 75 முதல் 100 வாட் எடுக்கும். 12 வோல்ற், 100 அம்பியர் மணிக் கார் பற்றரி ஒன்றைப் பாதிவரைக்கும் இறக்கினால் ஆறு மணித்தியாலம் ஓட்டலாம். சின்னத் தட்டு வாங்கினால் மூன்றில் ஒரு பங்குதான் எடுக்கும், சோலார் பலகை ஒன்றோடு இழுத்துப் பிடிக்கலாம்.

ஃபைபரில் ஒரு மறைந்த நன்மை உண்டு. தொலைபேசிக் கம்பனியின் நிலையத்தில் இருந்து உங்கள் வீடு வரைக்கும் நடுவில் கரண்ட் தேவைப்படும் கருவியே இல்லை. ஒளியைப் பிரிக்கும் சின்னப் பெட்டி வெறும் கண்ணாடிதான். நிலையத்தில் ஜெனரேற்றர் இருக்கும். வீட்டில் இருக்கும் ஃபைபர்ப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து 15 வாட் போதும். அதே கார் பற்றரி நாற்பது மணித்தியாலம் தாங்கும். கரண்ட் போனதும் “லைன் போச்சு” என்று போன் டேற்றாவைத் திறக்கும் பலருடைய வீட்டில் லைன் போகவே இல்லை, பெட்டிதான் அணைந்திருக்கிறது. சில ஆயிரம் ரூபாய்க்கு அந்தப் பெட்டிக்கென்றே சின்ன யூபிஎஸ் கிடைக்கிறது. ஸ்டார்லிங்க் யோசிக்க முன் அதை வாங்குங்கள். இடியிலும் ஃபைபர் பரவாயில்லை, கண்ணாடி மின்னலைக் கடத்தாது. பழைய செப்புக் கம்பி காலத்தில் மாரியில் போன் எரியாத வீடு குறைவு.

ஒரு வழியும் இல்லாமல் இருந்த காலத்தையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவேண்டும். 1990 க்குப் பிறகு குடாநாட்டில் கரண்டும் இல்லை, தொலைபேசியும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் குரலைக் கேட்க கிளாலிக் கடலைத் தாண்டி வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போய், லொட்ஜில் தங்கி, கொமினிகேசன் என்ற தொலைபேசிக் கடையில் காத்திருந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். வெளியுலகச் செய்திக்கு இருந்தது சிற்றலை வானொலி. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வந்த கரண்டில் பிபிசி தமிழோசை கேட்டது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அது காசில்லாத சற்றலைட்: நூறு முதல் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனமண்டலம் சிற்றலையைத் திருப்பிக் கீழே அனுப்புகிறது. வெட்டுவதற்குக் கம்பி இல்லை, இடிப்பதற்கு உள்ளூர்க் கோபுரம் இல்லை. கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் 1990 இல் போரில் போய் 2011 இல்தான் திரும்பி வந்தது; அந்த இருபது வருடமும் அயனமண்டலம் அங்கேயே இருந்தது. ஒருவழிதான், குரல் மங்கி மங்கி வரும், நாம் பதில் சொல்ல முடியாது. தமிழோசை வானொலி 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது. சிற்றலை ரேடியோ இன்று யார் வீட்டிலும் இல்லை, ஆனால் எல்லாம் விழுந்த நாளில் கடைசியாக நின்றது அதுதான்.

தீவுகளும் கடலும்

குறிகட்டுவான் இறங்குதுறைக்கு அப்பால் போனால் தராசு மாறுகிறது. நெடுந்தீவுக்குப் படகில் ஒரு மணித்தியாலம் போல. சோளகக் காற்று எழும்பினால் படகே சந்தேகம். ஒரு சில ஆயிரம் பேருக்காகக் கடலுக்குள் கம்பி போடுவது எந்தக் கம்பனிக்கும் கட்டாது. ரவருக்கு ரவர் நுண்ணலையில் தாண்டவேண்டும். அந்த ஒரு இணைப்பில் பிழை வந்தால் திருத்துபவர் படகுக்குக் காத்திருக்கவேண்டும். நகரத்து வீட்டில் ஆடம்பரமாகத் தெரியும் ஸ்டார்லிங்க் இங்கே நியாயமான செலவு. வீட்டுக்கு ஒன்று இல்லை. வைத்தியசாலைக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, பிரதேச செயலகத்துக்கு ஒன்று. இரவில் ஒரு நோயாளியைப் படகில் ஏற்றுவதா, காலை வரை வைத்திருப்பதா என்று யாழ்ப்பாணத்து வைத்தியரிடம் கேட்கவேண்டிய இடத்தில் மாதம் பத்துப் பதினைந்தாயிரம் ஒரு கணக்கே இல்லை. மரமும் அங்கே பிரச்சினை இல்லை; நெடுந்தீவின் வெளிகள் வானத்துக்கென்றே திறந்து கிடக்கின்றன.

கடலுக்குப் போகிறவர்களுக்கு இந்த நாலு வழியில் எதுவும் முழுதாகப் பொருந்தாது. ரவரின் சிக்னல் கரையில் இருந்து இருபது முப்பது கிலோமீட்டருக்குள் தேய்ந்துவிடும். படகில் இருக்கும் ஜிபிஎஸ், செயற்கைக்கோளில் இருந்து கேட்க மட்டும்தான் செய்யும். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து வரும் நேரத்தை வாங்கி இடத்தைக் கணக்கிடுகிறது, நீங்கள் ஆபத்தில் இருப்பது அந்தக் கோளுக்குத் தெரியாது. ஜிபிஎஸ் இருக்கிறதுதானே, தேடி வருவார்கள் என்ற நம்பிக்கை உயிருக்கு ஆபத்து. தேடி வரச் செய்வது வேறு கருவி: 406 மெகாஹேர்ட்ஸில் கூப்பிடும் அவசர அபாயக் கருவி. 1982 இல் இருந்து, பல நாடுகள் சேர்ந்து நடத்தும் கொஸ்பாஸ்–சார்சற் கோள்கள் அபாயக் கூப்பாடுகளைக் கேட்டு, இடத்தோடு அந்தந்த நாட்டு மீட்பு நிலையத்துக்குச் சொல்லி வருகின்றன. மாதக் கட்டணம் கிடையாது. உள்ளே இருக்கும் பற்றரி வருடக்கணக்கில் தூங்கிக் கிடந்து, இழுத்த அன்று குறைந்தது இரண்டு நாள் கத்தும். பதிவு செய்து வைத்திருக்கவேண்டும், அவ்வளவுதான். பல நாள் படகு வைத்திருப்பவர் ஸ்டார்லிங்க் பற்றி விசாரிக்க முன் இதைப் பற்றி விசாரிக்கட்டும்.

சரி, எதை எடுப்பது?

யாழ்ப்பாண நகரம், திருநெல்வேலி, கொக்குவில், சாவகச்சேரி என்று ஃபைபர் வாசலுக்கு வரும் இடத்தில் ஃபைபர்தான். அதோடு பெட்டிக்கு ஒரு யூபிஎஸ், கையில் வீட்டு லைன்காரர் அல்லாத வேறு கம்பனியின் சிம். டிவிக்கு டிஷ் ஏற்கெனவே இருந்தால் கழற்றவேண்டாம். மழை நாள் தவிர அதைப் போல மலிவான வழி இல்லை.

வீட்டில் இருந்து வெளிநாட்டு வேலை செய்பவர், ஒரு நாள் லைன் போனால் சம்பளம் போகும் என்றால், ஃபைபரை வெட்டாமல் அதற்குப் பக்கத்தில் சின்ன ஸ்டார்லிங்க் தட்டு வைக்கலாம். ஆனையிறவில் நடக்கும் எதுவும் அதைத் தொடாது. இரண்டாவது 4ஜி சிம் அந்தப் பாதுகாப்பைத் தராது. ஃபைபருக்கு இன்னும் வருடக்கணக்கில் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் ஊர்களில், ஒரு வீட்டுக்காரர் தனியாக வாங்குவதை விட வாசிகசாலைக்கோ சனசமூக நிலையத்துக்கோ ஒன்றைப் போடுவது புத்தி. தண்ணீர்த் தாங்கி இருக்கும், மாலையில் பிள்ளைகள் வருவார்கள், கட்டணத்தை வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச் சங்கத்திடம் கேட்கலாம். அவர்களுக்கும் “அந்தப் பழைய லைனை வெட்டுங்கோ” என்று சொல்வதை விட ஒரு உருப்படியான வேலை.